கழுவும் முன் பாருங்கள்: பழைய ஜீப்பின் முன் ஆக்சிலை வீட்டிலேயே பிரித்துக் கட்ட

வீட்டு வாசலில் ஒரு ஜீப்பின் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, சேசிஸுக்கு முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டால், தெருவே மேற்பார்வைக்கு வந்துவிடும். பால்காரர் ஒரு யோசனை சொல்வார். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் இன்னொன்று சொல்வார். என் வாசலில் முதன்முறை இந்தக் காட்சி அரங்கேறியபோது யார் சொன்னதையும் காதில் வாங்காமல், கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் டீசலில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்து, பொங்கலுக்குத் துலக்கிய பாத்திரம்போல வரிசையாக அடுக்கிவைத்தேன். புது பேரிங், புது சீல் போட்டு மாட்டினேன். மூன்றாவது வாரம் பிரேக் டிரம் முழுக்கக் கியர் ஆயில்.

வண்டியைப் பார்க்க வந்த வயதான மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “கழுவறதுக்கு முன்னாடி உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா தம்பி?”

பார்க்கவில்லை. பார்த்திருந்தால், நக்கிளுக்குள் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீராகக் கியர் ஆயில் நின்றதைக் கவனித்திருப்பேன். ஆயிலை அங்கே தள்ளியது ஹவுசிங்கின் மேலே இருக்கும் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய். சேறு அடைத்து அது மூடிக்கிடந்தது. ஓட ஓட ஆக்சில் சூடாகி, உள்ளே காற்று விரிந்து, போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு வெளியேறியிருக்கிறது. புது சீல் போட்டாலும் அடைத்த மூச்சுக்குழாய் அடைத்தபடியேதான் இருந்தது.

கீழே உள்ள பட்டியல் அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. இது எல்லா வண்டிக்குமானது அல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பிலிருந்து வழிவழியாக வந்த, மூடிய நக்கிள் உள்ள முன் ஆக்சிலுக்கானது. மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன சி.ஜே.3பி மாடல் இங்கே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால்தான் போடி, கம்பம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் ஜீப்புகளில் இந்த ஆக்சிலை இன்றும் பார்க்கலாம்; சாமானும் கிடைக்கிறது.

ஒரு அறிமுகம் மட்டும். ஆக்சில் குழாயின் நுனியில் பந்துபோல ஒரு இரும்பு உருண்டை இருக்கும். அதைக் கவ்விக்கொண்டு திரும்புவது நக்கிள். மேலும் கீழும் இருக்கும் இரண்டு கிங் பின் பேரிங்குகளின் மேல்தான் அது திரும்புகிறது. பந்துக்குள்ளே ஆக்சில் ஷாப்ட்டின் மூட்டு சுழலும். நக்கிளின் வெளிப்பக்கத்தில் ஸ்பிண்டில், அதன் மேல் ஹப். வண்டியின் பாரத்தை ஹப் பேரிங்குகள் தாங்குகின்றன. ஷாப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு சரி.

1. பிரிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன்

செய்ய வேண்டியவை

• சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். முழு ஆக்சிலையும் பிரிக்க வேண்டுமா, அரை நாளில் முடிகிற வேலையா என்பதை இந்த ஒரு சோதனை சொல்லிவிடும்.

• இடமும் வலமும் கை வைத்து ஆட்டும்போது, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகளைப் பாருங்கள். சக்கரம் அசைந்து, ராடு அசையாமல் நின்றால் தேய்ந்தது அந்த முனைதான்.

• பிரீதரை முதல் நாளே கழற்றி ஊதிப் பாருங்கள். காற்று போகாவிட்டால், உள்ளே பார்க்கப்போகும் கசிவுக்குப் பாதிக் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

• டயர் தேய்ந்த விதத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகியிருந்தால், ஹவுசிங் குழாயே வளைந்திருக்கலாம். வளைந்த குழாயில் எத்தனை புது பேரிங் போட்டாலும் பயனில்லை.

செய்யக்கூடாதவை

• வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் தடதடவென்று நடுங்கினால், உடனே கிங் பின்னின் மேல் பழி போடாதீர்கள். தேய்ந்த ஷேக்கிள் புஷ், தளர்ந்த யூ போல்ட், உட்கார்ந்துபோன ஸ்பிரிங் பட்டை, பாலன்ஸ் இல்லாத டயர் என்று காரணங்கள் ஏராளம். வெளியில் இருப்பதை முதலில் பார்த்து முடியுங்கள்.

• வண்டி தினசரி பிழைப்புக்கு ஓடுவதாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரித்துவிட்டுத் திங்கள்கிழமை ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு சிம் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய தகடு) கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு வாரம் நிற்க வேண்டியிருக்கும்.

2. இடமும் கருவியும்

செய்ய வேண்டியவை

• சிமெண்ட் தரை, சமமான தரை. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்பக்கம் சேசிஸின் கீழே பலமான ஸ்டாண்டு. முட்டுக் கொடுத்த பிறகு வண்டியைப் பலமாகத் தள்ளிப் பாருங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் அடியில் இல்லாதபோதே விழட்டும்.

• ஹப் நட்டுக்கு இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும். கடையில் இல்லையென்றால் லேத்துப் பட்டறையில் குழாயில் செய்து தருவார்கள். ஸ்பிரிங் தராசு ஒன்று, சிம்களை அளக்க மைக்ரோமீட்டர் ஒன்று, பித்தளைக் கம்பித் துண்டு இரண்டு, இவையும் கட்டாயம்.

• முட்டை அட்டைகளைச் சேர்த்துவையுங்கள். ஒரு குழிக்கு ஒரு போல்ட், பக்கத்தில் பேனாவில் பெயர். இடப்பக்கத்துக்கு ஒரு அட்டை, வலப்பக்கத்துக்கு ஒரு அட்டை.

செய்யக்கூடாதவை

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் முட்டு ஆகாது. பாரம் ஓரிடத்தில் குவிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

• பெட்ரோலில் சாமான் கழுவாதீர்கள். மண்ணெண்ணெயோ டீசலோ போதும். சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்தில் எதையுமே கழுவாதீர்கள்.

• பழைய பிரேக் டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். வாசலில் குழந்தைகள் விளையாடும் வீடு என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

3. கழற்றும்போது

செய்ய வேண்டியவை

• நட்டை முறுக்கும் முன் எந்தப் பக்க மரை என்று பாருங்கள். பழைய வில்லிஸ் வழி ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர ஸ்டட்டுகள் இடதுமரை. இது தெரியாமல் நீட்டுக் குழாய் மாட்டி ஏறி மிதித்தவர்கள் ஸ்டட்டை முறித்திருக்கிறார்கள்.

• டை ராடு முனையைக் கழற்றும் முன், வெளியே தெரியும் மரைகளை எண்ணி எழுதிவையுங்கள். திரும்ப மாட்டும்போது அலைன்மென்ட் கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்துவிடும்.

• டை ராடு முனை வராமல் அடம்பிடித்தால், நட்டை நுனிவரை தளர்த்தி விட்டுவைத்து, அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் இரண்டு சுத்தியலால் எதிரெதிரே ஒரே நேரத்தில் தட்டுங்கள். கண் ஒரு கணம் நெளிந்துகொடுக்கும். முனை தானாக விழும்.

• கிங் பின் மூடிகளைக் கழற்றியதும் மேல் சிம்களைத் தனியாக, கீழ்ச் சிம்களைத் தனியாகக் கம்பியில் கோத்து, கனத்தை அளந்து எழுதுங்கள்.

• பிரேக் பிளேட்டைக் கழற்றியதும் கம்பி போட்டுப் பட்டையில் கட்டிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பிரேக் பிளேட்டை ஹோஸிலேயே தொங்கவிடாதீர்கள். ஹோஸின் உள் அடுக்கு விட்டுப்போனால் வெளியில் தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும்.

• ஹப் நட்டை உளி வைத்து அடித்துச் சுற்றாதீர்கள். முந்தைய கை அப்படித்தான் செய்திருக்கும். நட்டின் முகத்தில் காயங்களைப் பார்ப்பீர்கள். அந்தக் கை வழக்கம் உங்களோடு நிற்கட்டும்.

• ஷாப்ட்டை உருவும்போது சாய்த்து இழுக்காதீர்கள். குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் உள் சீலின் உதட்டை ஷாப்ட்டின் பற்கள் கிழித்துவிடும்.

• பழைய மூட்டு உருண்டைகளாலான வகை என்றால், ‘உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம்’ என்று ஆர்வத்தில் பிரிக்காதீர்கள். போர்க்கால ஜீப்புகளிலேயே பெண்டிக்ஸ், ரெசெப்பா, டிராக்டா எனப் பல வகை மூட்டுகள் இருந்தன. ஒன்றின் சேர்க்கை முறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. பிற்காலத்தில் வந்த, சிலுவை வடிவத் துண்டு உள்ள கிராஸ் வகைதான் வீட்டு வேலைக்கு எளிது.

4. கழுவும் முன்: கசடைப் படிப்பது

இந்தப் பகுதிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நல்ல வெளிச்சம், ஒரு காந்தம், வெள்ளைத் துணி, நோட்டு. வேறு எதுவும் வேண்டாம்.

செய்ய வேண்டியவை

• நிறம் பாருங்கள். நக்கிளுக்குள் இருப்பது பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பந்தின் வெளிச்சீல் தேய்ந்திருக்கலாம். அல்லது சூடான ஆக்சிலோடு ஓடையில் இறங்கி, உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கியபோது, பிரீதர் அடைத்திருந்ததால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சியிருக்கலாம்.

• அளவு பாருங்கள். நக்கிள் நிறையக் கியர் ஆயில், நடு ஹவுசிங்கில் ஆயில் குறைவு என்றால், குழாயின் உள் சீல் தோற்றுவிட்டது. ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா என்பதையும் எழுதுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் தோற்றால் பிரீதரைச் சந்தேகப்படுங்கள்.

• முகர்ந்து பாருங்கள். டிரம்மில் இருப்பது கந்தக நாற்றமடிக்கும் பிசுபிசுப்பா, கியர் ஆயில். தண்ணீரில் கழுவினால் போய்விடுகிறதா, பெயின்டை உரித்திருக்கிறதா, பிரேக் ஆயில். முதலாவது ஆக்சில் வேலை. இரண்டாவது வீல் சிலிண்டர் வேலை.

• மினுமினுப்பைப் பாருங்கள். விரலில் தேய்த்தால் தெரியும் மெல்லிய சாம்பல் பசை, வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் சில்லுகள் பேரிங்கிலிருந்தோ பல்லிலிருந்தோ வந்தவை. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் வெண்கல புஷ்ஷோ வாஷரோ தேய்கிறது என்பதற்குச் சாட்சி.

• கிராஸின் மூடிகளைச் சுற்றிச் செம்மண் பொடிபோலத் துரு இருந்தால், உள்ளே ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து ஓடியிருக்கின்றன.

• பேரிங் கிண்ணங்களைப் பாருங்கள். கிங் பின் கிண்ணத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால், ஸ்டியரிங் நேராக நிற்கும் இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் உருளைகள் இடித்த தழும்பு அது. ஸ்டியரிங் நடுவில் ‘தட்’டென்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல இருந்ததன் காரணம் இதுவே.

செய்யக்கூடாதவை

• இடப்பக்கத்துச் சாமானையும் வலப்பக்கத்துச் சாமானையும் ஒரே டப்பாவில் ஊறப்போடாதீர்கள். எந்தத் துகள் எந்தப் பக்கத்தது என்பது அதோடு தொலைந்தது.

• பழைய சீலைக் கழற்றியதும் எறியாதீர்கள். உதடு எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று குறித்துவைத்த பிறகு எறியுங்கள். ஆனால் முன்பு மாட்டியவர் தவறாக மாட்டியிருக்கவும் கூடும். உதடு எப்போதும் தடுத்து நிறுத்த வேண்டிய எண்ணெயின் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

5. கழுவிய பின்: எதை வைப்பது, எதை மாற்றுவது

செய்ய வேண்டியவை

• பேரிங் மாற்றினால் கிண்ணத்தோடு சேர்த்து மாற்றுங்கள். பழைய கிண்ணத்தை உள்ளிருந்து பித்தளைக் கம்பி வைத்து, ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு அந்தப் பக்கம் என்று வெளியேற்றுங்கள்.

• புதுக் கிண்ணத்தை முதல் நாள் இரவே பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. குளிரில் சுருங்கிய கிண்ணம் பாதிச் சண்டையோடு இறங்கிவிடும். பழைய கிண்ணத்தையே மேலே வைத்துத் தட்டுங்கள். அடிவரை உட்கார்ந்ததும் சுத்தியல் சத்தம் மாறும். மந்தமான ‘டொக்’ கணீரென்று ஆகும். அதற்கு மேல் ஒரு தட்டும் வேண்டாம்.

• பந்தின் மேல்பரப்பை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கும் துருக்குழி ஒவ்வொன்றும் சீலை அறுக்கும் பல். லேசானதை ஈர உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம். ஆழமானதை உலோகப் பசையால் நிரப்பி, காய்ந்த பிறகு சமன் செய்யுங்கள்.

• ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் வெண்கல புஷ்ஷையும் பாருங்கள். அதில் ஷாப்ட் ஆடினால், மூட்டும் வெளிச்சீலும் சீக்கிரமே பழுதாகும்.

செய்யக்கூடாதவை

• பந்தின் மேல் கிரைண்டரை வைக்காதீர்கள். ஒரு நொடியில் விழும் தட்டையான வெட்டை எந்த சீலாலும் மூட முடியாது.

• கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிடாதீர்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும்; எண்ணெயில்லாமல் அந்த வேகத்தில் சுற்றும் பேரிங் கெட்டுப்போகும், சில சமயம் தெறித்துக் கண்ணையும் கெடுக்கும்.

• புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையிலோ வேறெங்கோ மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பக்கக் கிண்ணத்தையும் மறுபக்க உருளையையும் சேர்த்து ஒரு ஜோடி ஆக்காதீர்கள். கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையே கையில் கொண்டுபோங்கள். அதன் முகத்தில் இருக்கும் எண்ணைக் காட்டி வாங்குங்கள்.

6. கிரவுன் பினியன்

இந்தப் பட்டியலில் சிறிய பகுதி இது. காரணம், பெரும்பாலும் இதில் கை வைக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை: நடு ஹவுசிங்கின் மூடியைத் திறந்து பற்களைப் பாருங்கள், சில்லு தேடுங்கள், கிரவுனைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஆட்டத்தை உணருங்கள். ஓடும்போது ஊளைச் சத்தம் இல்லை, பல் முழுசாக இருக்கிறது, பினியன் ஆடவில்லை என்றால் கழுவி மூடிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை: ‘எல்லாம் பிரித்தாயிற்று, இதையும் புதுசாக்கிவிடலாம்’ என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். பினியன் ஆழமும் பல் இடைவெளியும் நூலளவு சிம் கணக்கு. டயல் கேஜும் பொறுமையும் அனுபவமும் இல்லாத கையில், சத்தமில்லாத கிரவுன் ஊளையிடத் தொடங்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஹவுசிங்கோடு பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

7. கிங் பின் இறுக்கம்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தளர்ந்தால் ஸ்டியரிங் நடுங்கும். அதிகம் இறுகினால் வளைவில் திரும்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் தோள்பட்டை கூலி கொடுக்கும்.

செய்ய வேண்டியவை

• ஷாப்ட் இல்லாமல், பந்தின் வெளிச்சீல் இல்லாமல், டை ராடு இல்லாமல், வெறும் நக்கிளை மட்டும் மாட்டிச் சோதியுங்கள். சீலின் உராய்வு அளவில் சேர்ந்துவிட்டால் பேரிங்கின் இறுக்கம் தெரியாது.

• பேரிங்குகளில் கையால் கிரீஸ் திணித்து, பழைய சிம்களோடு மூடிகளை முழு முறுக்கில் இறுக்குங்கள். டை ராடு மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி, செங்கோணத்தில் இழுங்கள். அசையத் தொடங்கும்போது காட்டும் எண்ணை விட்டுவிடுங்கள். சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது காட்டுவதே கணக்கு.  உங்கள் மாடலின் கையேடு சொல்லும் எண்ணே இறுதி.

• சிம் கணக்கை மனதில் நிறுத்துங்கள். சிம் கூட்டினால் தளரும், குறைத்தால் இறுகும். சிம்கள் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 3, 5, 10, 30 பங்கு எனப் பல கனத்தில் வருகின்றன.

• கூட்டுவதையும் குறைப்பதையும் மேலும் கீழும் சமமாகச் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் நக்கிள் ஏறியோ இறங்கியோ நிற்கும். ஷாப்ட் நடுவில் ஓடாது.

செய்யக்கூடாதவை

• ‘கை அளவு’ என்று நம்பாதீர்கள். ஆயிரம் ஆக்சில் பார்த்த கைக்கு அந்தக் கணக்கு தெரியும். நம் கைக்குத் தெரியாது.

• இறுக்கம் அதிகம் என்பதற்காக மூடி போல்ட்டுகளைத் தளர்த்திவிடாதீர்கள். போல்ட் முழுதாக இறுகியே இருக்க வேண்டும். அளவைச் சரிசெய்வது சிம்மின் வேலை. நக்கிள் கையைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் தளர்ந்தால் போவது சீல் அல்ல, ஸ்டியரிங்.

• சிம் கிடைக்கவில்லை என்று பழைய டால்டா டின் தகட்டை வெட்டிப் போடாதீர்கள். நசுங்கும், ஆயிரம் கிலோமீட்டரில் பழைய ஆட்டம் திரும்பி வரும்.

8. சீல், ஷாப்ட், ஹப்

செய்ய வேண்டியவை

• உள் சீலைப் போடும் முன் குழாயின் உட்பகுதியைத் துணி கட்டிய கம்பால் பலமுறை துடையுங்கள். அங்கே தங்கிய மணல், முதல் சுற்றிலேயே சீலுக்குள் போகும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். ஷாப்ட்டை இரு கையாலும் தூக்கிப் பிடித்து, நடுவாக, தடவித் தடவி உள்ளே விடுங்கள்.

• பந்தின் வெளிச்சீலில் இருக்கும் ஃபெல்ட்டை எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள்.

• சக்கர பேரிங்கின் உருளைகளுக்கு இடையே கிரீஸ் மறுபக்கம் பிதுங்கும்வரை உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். பிறகு, ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று திரும்பவும் தளர்த்துங்கள். சக்கரம் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. லாக் வாஷரைப் போட்டு, வெளி நட்டை இறுக்கி, மறுபடி ஆட்டிப் பாருங்கள். வெளி நட்டு இறுகும்போது அளவு மாறியிருக்கலாம்.

செய்யக்கூடாதவை

• பழைய லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி மறுபடி மடிக்காதீர்கள். புதுசு சில ரூபாய்தான்.

• பழைய கிரீஸின் மேல் வேறு வகைக் கிரீஸைப் பூசாதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர்த்து ஓடிவிடும்.

• எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி ‘காயவைத்து’ மாட்டாதீர்கள். சூடேறியதும் உள்ளிருக்கும் எண்ணெய் திரும்ப மேலே வரும். இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

9. எண்ணெய் ஊற்றும்போது

செய்ய வேண்டியவை

• நடு ஹவுசிங்கில் கியர் ஆயில், பக்கத் துளையின் விளிம்புவரை. பழைய வில்லிஸ் வகையில் ஒன்றே கால் லிட்டருக்குள் முடிந்துவிடும்.

• நக்கிளுக்கு, ஊற்றினால் மெதுவாக ஒழுகும் இளகிய கிரீஸ். நிரப்பும் துளையின் மட்டம்வரை போதும்.

செய்யக்கூடாதவை

• நக்கிளில் கெட்டி கிரீஸ் மட்டும் திணிக்காதீர்கள். மூட்டு சுழலும்போது அது சுவரில் போய் அப்பிக்கொள்ளும். மூட்டுக்குத் திரும்பி வராது. வெறும் கியர் ஆயிலும் வேண்டாம்; பந்துச் சீல் வழியே ஒழுகி, வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோலம் போடும்.

10. ரோட்டில் இறக்கும் முன்னும் பின்னும்

செய்ய வேண்டியவை

• டயரின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஹப் உயரத்தில், முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அளந்து பாருங்கள். முன்பக்கம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருவர் பிடித்தால் சாதாரண டேப்பே போதும்.

• ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயரோ பிரேக் ஹோஸோ எதிலாவது உரசுகிறதா என்று பாருங்கள். திருப்பத்தை நிறுத்தும் ஸ்டாப்பர் போல்ட் இரு பக்கமும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• முதல் 20 கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி, இரண்டு ஹப்பிலும் கை வையுங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கோ பிரேக்கோ இறுக்கம்.

• 500 கிலோமீட்டரில் மூடி போல்ட், ஸ்பிண்டில் போல்ட், யூ போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• ஃபோர்-வீலைப் போட்டுத் தார் ரோட்டில் சோதிக்காதீர்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும்; தாரில் வழுக்க இடமில்லாமல் முறுக்கம் முழுக்க புது கிராஸின் மேல் விழும். மண் பாதையில் சோதியுங்கள்.

• அதிகத் திருப்பம் கிடைக்கும் என்று ஸ்டாப்பரைக் குறைக்காதீர்கள். கூடக் கிடைப்பது அரைச் சாண், முறிவது மூட்டு.

• பந்தின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தால் பதறி சீலை மறுபடி கழற்றாதீர்கள். விரல் வைத்தால் விரலில் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது. காய்ந்து துருவேறிய பந்துதான் கவலைக்குரியது. உள்ளே எண்ணெய் இல்லை என்று அது சொல்கிறது.

கடைசியாக, நோட்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்தப் பக்கம் எத்தனை சிம், தராசு என்ன காட்டியது, நக்கிளுக்குள் என்ன நிறம் இருந்தது, பிரீதர் எப்போது சுத்தம் செய்தது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி, வண்டியின் டூல் பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை அந்த ஆக்சிலைப் பிரிப்பது நீங்களோ, வண்டியை வாங்கியவரோ, யாராக இருந்தாலும் கேள்வி அதேதான்: கழுவும் முன் உள்ளே என்ன இருந்தது? அன்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். என் டூல் பெட்டியில் இருக்கும் நோட்டில் இப்போது முதல் வரி, “பிரீதர்: சுத்தம், காற்று போகிறது.”